70 பேரா, 75 பேரா: எபிரேய வேதமும் புதிய ஏற்பாடும் ஒத்துப்போகாத இடங்கள்

கேள்வியில் மூன்று இடங்களைக் காட்டியிருக்கிறீர்கள். யாக்கோபின் குடும்பத்தார் 70 பேர் எகிப்துக்குப் போனதாக ஆதியாகமம் 46:27 சொல்கிறது; அப்போஸ்தலர் 7:14-ல் ஸ்தேவான் 75 பேர் என்கிறார். ஏசாயா 7:14-ல் இருப்பது 'இளம்பெண்' என்ற சொல்தான், மத்தேயு அதைக் 'கன்னி' ஆக்கிவிட்டார் என்கிறார் உங்கள் யூத நண்பர். 30 வெள்ளிக்காசு பற்றிய வாக்கு சகரியாவில் இருக்கிறது, மத்தேயு 27:9 அதை எரேமியாவின் பெயரில் சொல்கிறது. கடைசியாக, "யூதர்கள் தங்கள் வேதத்தைத் திருத்திவிட்டார்களா, கிறிஸ்தவர்கள் வளைத்துக்கொண்டார்களா?" என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் நூற்றாண்டுக் கணக்காக ஒருவர்மேல் ஒருவர் சுமத்திய பழி அது. கி.பி. 2-ம் நூற்றாண்டிலேயே யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர், யூதர்கள் சில வரிகளை வேதத்திலிருந்து வெட்டியெடுத்துவிட்டார்கள் என்று எழுதினார். அவர் காட்டிய வரிகளில் ஒன்று, சங்கீதம் 96-ல் 'கர்த்தர் மரத்திலிருந்து அரசாளுகிறார்' என்பது. அப்படி ஒரு வரி எபிரேயத்தில் இருந்ததற்குத் தடயமே இல்லை. கிறிஸ்தவர் யாரோ சிலுவையை நினைத்துச் சேர்த்த சொல் பாடலுக்குள் புகுந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்று அறிஞர்களின் பொதுவான கருத்து.

1947-ல் சவக்கடல் கரையில், கும்ரான் குகைகளில் சுருள்கள் கிடைக்கத் தொடங்கின. இந்தப் பழிக்கு அதோடு ஆதாரம் போய்விட்டது. கிறிஸ்தவ சபை பிறப்பதற்கு முன்பே, யூதர்களின் கைகளிலேயே, ஒரே புத்தகம் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்களில், அதாவது சொற்கள் சற்றே மாறிய வடிவங்களில், புழங்கிவந்ததை அந்தச் சுருள்கள் காட்டிவிட்டன. வேறுபாடு முதலில் இருந்தது. சண்டை பிறகு வந்தது.

உங்கள் முதல் உதாரணத்தையே பாருங்கள். இன்று யூதர்கள் வாசிக்கும் எபிரேய மூலத்துக்கு மசோரெத்திய பாடம் என்று பெயர். முழுமையாகக் கிடைக்கும் அதன் மிகப் பழைய பிரதி, கி.பி. 1008-ஐ ஒட்டி எழுதப்பட்ட லெனின்கிராட் சுவடி. அந்தப் பாடத்தில் ஆதியாகமம் 46:27, யாத்திராகமம் 1:5, உபாகமம் 10:22 ஆகிய மூன்று இடத்திலும் 70 என்றே இருக்கிறது. செப்துவஜிந்த் என்பது கி.மு. 3-ம் நூற்றாண்டில் தொடங்கி, கிரேக்கம் பேசிய யூதர்கள் தங்களுக்காகவே செய்துகொண்ட மொழிபெயர்ப்பு. அதில் ஆதியாகமம் 46:20-ல் யோசேப்பின் பேரன்களும் கொள்ளுப்பேரன்களுமாக ஐந்து பேர் கூடுதலாக வருகிறார்கள், அதனால் கூட்டுத்தொகை 75 ஆகிறது. மொழிபெயர்த்தவர்கள் தாங்களாகச் சேர்த்திருப்பார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கும்ரானில் கிடைத்த யாத்திராகமச் சுவடி ஒன்று, எபிரேயத்திலேயே, 75 என்கிறது.

அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பிலோ, கி.பி. முதல் நூற்றாண்டில், தன் வேதத்தில் ஓர் இடத்தில் 75 என்றும் உபாகமத்தில் 70 என்றும் இருப்பதைக் கவனித்தார். இரண்டு எண்ணுக்கும் தனித்தனியே பொருள் சொல்லிவிட்டு மேலே போனார். யாரோ கைவைத்துவிட்டார்கள் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. ஸ்தேவானின் பேச்சை எழுதிய லூக்காவும் தான் அறிந்த கிரேக்க வேதத்தின் எண்ணையே எழுதினார்.

இப்படிப்பட்ட வேறுபாடு எப்படிப் பிறக்கிறது என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம். தமிழ் வேதாகமத்தில் ஆதியாகமம் 47:31-ஐத் திறந்தால், முதிர்வயதில் யாக்கோபு கட்டிலின் தலைமாட்டிலே சாய்ந்து தொழுதுகொண்டான் என்றிருக்கும். எபிரெயர் 11:21-ஐத் திறந்தால், அதே யாக்கோபு கோலின் முனையிலே சாய்ந்து தொழுதுகொண்டான் என்றிருக்கும். கட்டிலா, கோலா?

எபிரேயத்தில் அந்தச் சொல் மேம், தேத், ஹே என்ற மூன்றே எழுத்து. 'மித்தா' என்று படித்தால் கட்டில், 'மத்தே' என்று படித்தால் கோல். பழைய எபிரேயத்தில் மெய்யெழுத்துகளைத்தான் எழுதினார்கள். மேலும் கீழும் புள்ளியிட்டு உயிரொலியைக் காட்டும் வழக்கத்தை, எபிரேய வேதத்தைப் படியெடுத்துக் காத்த யூத அறிஞர்களான மசோரெத்தியர்கள், கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே கொண்டுவந்தார்கள். நம் ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். சுவடியில் மெய்க்குப் புள்ளி கிடையாது; குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். 'பெறு', 'பேறு' இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது என்று இடம் பார்த்துப் படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆதியாகமத்தைக் கிரேக்கமாக்கியவர் 'மத்தே' என்று படித்தார். எபிரெயர் நிருபத்தை எழுதியவர் அந்தக் கிரேக்கத்தை எடுத்தாண்டார். மசோரெத்தியர் தாங்கள் வழிவழியாகக் கேட்டபடி 'மித்தா' என்று குறியிட்டார்கள். அடுத்த அதிகாரத்தில், 48:2-ல், யாக்கோபு தன்னைத் திடப்படுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான் என்று வருவதால் கட்டில்தான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் கோல் என்று படித்தவர் எதையும் வளைக்கவில்லை. அவர் கண்ணுக்கு முன் இருந்ததும் அதே மூன்று எழுத்துதான்.

கட்டிலோ கோலோ, அதனால் யாருக்கும் எதுவும் மாறப்போவதில்லை. ஆனால் இதே மாதிரியான ஒரு வேறுபாட்டின்மேல் கிறிஸ்தவ வரலாற்றின் மிகப் பெரிய முடிவு ஒன்று சாய்ந்து நிற்கிறது. அப்போஸ்தலர் 15-ல், கி.பி. 49 வாக்கில், எருசலேமில் கூடியவர்கள் யூதரல்லாத விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் கட்டாயமா என்று வாதாடுகிறார்கள். முடிவில் இயேசுவின் சகோதரரான யாக்கோபு எழுந்து ஆமோஸ் 9:11-12-ஐ எடுத்துச் சொல்கிறார்: விழுந்துபோன தாவீதின் கூடாரம் மறுபடி கட்டப்படும், மனுஷரில் மீதியானவர்கள் கர்த்தரைத் தேடுவார்கள்.

எபிரேய ஆமோஸைத் திறந்தால் வேறு காட்சி. அங்கே கூடாரம் கட்டப்படுவது, ஏதோமில் மீதியானவர்களை இஸ்ரவேலர் சுதந்தரித்துக்கொள்வதற்காக. 'ஏதோம்', 'ஆதாம்' இரண்டுக்கும் மெய்கள் ஒன்றே. ஆதாம் என்றால் மனிதன். 'சுதந்தரிப்பார்கள்' என்பது யீர்ஷு, 'தேடுவார்கள்' என்பது யித்ரெஷு. நடுவில் ஓர் எழுத்துதான் மாறுகிறது. ஒரு படிப்பில் தாவீதின் அரசு பக்கத்து நாட்டை வெல்கிறது. மறு படிப்பில் மனித குலமே கடவுளைத் தேடி வருகிறது.

எபிரேய வாசகத்தை வைத்தால் யாக்கோபின் வாதம் அடியோடு விழுந்துவிடுமா என்றால், விழாது. 'என் நாமம் தரிக்கப்பட்ட சகல ஜாதிகளும்' என்ற சொற்கள் எபிரேயத்திலும் இருக்கின்றன. ஆனால் வாதத்தின் முதுகெலும்பு கிரேக்க வாசகத்தில்தான் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எருசலேமில் யாக்கோபு கிரேக்க வேதத்தையா சொல்லியிருப்பார் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். லூக்கா கிரேக்க வாசகர்களுக்கு எழுதுகிறார், அவர்கள் அறிந்த வேதத்தின் சொற்களில் யாக்கோபைப் பேசவைக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

இதே வரிசையில் இன்னும் பல உண்டு. சங்கீதம் 40:6-ல் 'என் செவிகளைத் திறந்தீர்' என்பது எபிரெயர் 10:5-ல் 'ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்' என்று வருவது கிரேக்க வேதத்தால். 'தேவதூதர் யாவரும் அவரைத் தொழுதுகொள்ளக்கடவர்கள்' என்று எபிரெயர் 1:6 எடுத்துக்காட்டும் வரி, மசோரெத்திய உபாகமம் 32:43-ல் இல்லை. கிரேக்கத்தில் அதற்கு மிக நெருங்கிய வரி இருக்கிறது. கும்ரானின் எபிரேய உபாகமச் சுவடி ஒன்றிலும் அதுபோன்ற வரி கிடைத்திருக்கிறது.

ஆனால் செப்துவஜிந்தைச் சொல்லியே எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 'எகிப்திலிருந்து என் குமாரனை அழைத்தேன்' என்ற ஓசியா 11:1-ஐ மத்தேயு 2:15 மேற்கோள் காட்டும்போது, கிரேக்கத்தில் இருப்பது 'அவனுடைய பிள்ளைகளை'. அங்கே மத்தேயு எபிரேயத்தின் பக்கம் போகிறார். சங்கீதம் 68:18-ல் எபிரேயம், கிரேக்கம் இரண்டுமே கடவுள் வரங்களைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல, எபேசியர் 4:8 வரங்களைக் கொடுத்ததாகச் சொல்கிறது. 'கொடுத்தீர்' என்ற படிப்பு, மோசே மலையேறித் தோராவை (கடவுள் தந்த சட்டத்தை) பெற்றுவந்து மக்களுக்குக் கொடுத்ததாக விளக்கும் தர்கும் என்ற யூதர்களின் அரமேய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. தர்கும் எழுத்தில் வந்தது பிற்காலம் என்றாலும், அதற்குள் இருக்கும் விளக்கம் பழையதாக இருக்கலாம். அப்படியானால் இந்த இடத்தில் நிருபம் யூத விளக்க மரபு ஒன்றின் வழியில் நடக்கிறது.

இப்போது ஏசாயா 7:14. இதைப் பற்றி இவ்வளவு சண்டை நடந்திருப்பதால் நிதானமாகப் போகலாம். எபிரேயச் சொல் 'அல்மா'. கும்ரானில் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருள் கிறிஸ்துவுக்கு 100 ஆண்டுக்கும் மேல் மூத்தது, அதிலும் இதே சொல்தான். ஆக, எழுத்தில் தகராறு இல்லை, பொருளில்தான். அல்மா என்றால் மணப்பருவத்துப் பெண். ஆதியாகமம் 24:43-ல் ரெபெக்காள் அல்மா. யாத்திராகமம் 2:8-ல், நாணற்பெட்டியில் கிடந்த குழந்தை மோசேக்குக் காவலாக நின்ற அக்காளும் அல்மா. இருவரும் மணமாகாதவர்கள்தான், ஆனால் அந்தச் சொல் சுட்டுவது வயதை. கன்னிமையை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் எபிரேயத்தில் 'பெத்துலா' என்ற சொல் பொருத்தம். இதில் உங்கள் நண்பர் சொல்வது சரி.

கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அல்மாவுக்குப் 'பார்தெனோஸ்' என்று போட்டார். கிறிஸ்தவர் பிறப்பதற்கு முன்பு, யூதர் ஒருவர் போட்ட சொல் அது. வழக்கமாக அதற்குக் கன்னி என்று பொருள். ஆனால் ஆதியாகமம் 34:3-ல், சீகேம் தீனாளைக் கெடுத்துவிட்ட பிறகும், அதே கிரேக்க வேதம் அவளைப் பார்தெனோஸ் என்றே சொல்கிறது. பேச்சுத் தமிழில் 'கன்னிப்பெண்' என்னும்போது நாமும் பெரும்பாலும் மணமாகாத இளம்பெண் என்ற அளவில்தானே சொல்கிறோம்? அந்த அளவுக்கு அந்தச் சொல்லும் நெகிழ்வானது.

சொல்லை விட்டுவிட்டு அதிகாரத்தைப் படியுங்கள், அதுதான் முக்கியம். கி.மு. 735 வாக்கில் சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் சேர்ந்து எருசலேமின்மேல் படையெடுத்து வருகிறார்கள். யூதாவின் ராஜா ஆகாஸ் நடுங்குகிறான். ஏசாயா ஓர் அடையாளம் தருகிறார்: ஒரு பெண் கருவுற்று மகனைப் பெறுவாள், இம்மானுவேல் என்று பேரிடுவாள்; அந்தப் பிள்ளை நன்மை தீமை அறியும் முன்பே, நீ அஞ்சும் இரண்டு ராஜாக்களின் தேசமும் வெறுமையாகும். கி.மு. 732-ல் அசீரியர் தமஸ்குவைப் பிடித்தார்கள். 722-ல் சமாரியா விழுந்தது. 700 ஆண்டு கழித்துப் பிறக்கும் குழந்தை ஆகாஸின் அச்சத்துக்கு அடையாளம் ஆக முடியாது. ஏசாயா தன் காலத்துக் குழந்தை ஒன்றைத்தான் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எந்தக் குழந்தை என்பதில் யூத மரபுக்கும் சிக்கல் உண்டு. யுஸ்தீனோடு வாதாடிய திரிபோன் என்ற யூதர், அது ஆகாஸின் மகன் எசேக்கியா என்றார். ஆனால் ஆகாஸ் ஆண்டது 16 ஆண்டு, எசேக்கியா பட்டத்துக்கு வந்தது 25 வயதில் (2 இராஜாக்கள் 16:2, 18:2). கணக்குப்படி தகப்பன் அரியணை ஏறும்போதே மகனுக்கு 9 வயது. அடுத்த அதிகாரத்தில் ஏசாயாவுக்கே ஒரு மகன் பிறக்கிறான், அவனைப் பற்றியும் ஏறத்தாழ இதே வாக்குதான் வருகிறது. எனக்கு அந்த விடை பொருத்தமாகத் தெரிகிறது.

அப்படியானால் மத்தேயு செய்தது என்ன? ஓசியாவில் அவர் செய்ததைத்தான் இங்கேயும் செய்தார். ஓசியா 11:1 முன்னறிவிப்பே அல்ல. நடந்து முடிந்த விடுதலைப் பயணத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்ன வரி. அங்கே 'என் குமாரன்' இஸ்ரவேல். அடுத்த வரியிலேயே அந்தக் குமாரன் பாகால்களுக்குப் பலியிடுகிறான். மத்தேயுவுக்கு இது தெரியாதா? ஓசியாவை எபிரேயத்தில் அறிந்தவருக்கு அடுத்த வரி தெரியாமலா போகும்? 'நிறைவேறும்படி' என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல்லுக்கு நிரப்புதல் என்பதே அடிப்பொருள்; தமிழ்ச் சொல்லிலும் அந்த 'நிறை' இருக்கிறது. இஸ்ரவேல் நடந்த பாதையில் இயேசு மறுபடி நடக்கிறார், பழைய வார்த்தை இங்கே விளிம்புவரை நிரம்புகிறது என்பது மத்தேயுவின் பார்வை. குறி சொல்லிப் பலித்ததற்குச் சான்று என்று இதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் மத்தேயுவுக்கே அநியாயம் செய்கிறார்கள். 1952-ல் வெளிவந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு ஏசாயாவில் 'இளம்பெண்' என்று போட்டதற்காக அந்தப் பக்கத்தை எரித்தவர்கள்கூட இருந்தார்கள். அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது உங்கள் 30 வெள்ளிக்காசு. சகரியா 11:12-13-ல் தீர்க்கதரிசிக்குக் கூலியாக 30 காசு எடை போடப்படுகிறது, அதை அவர் ஆலயத்தில் குயவனுக்கு எறிகிறார். மத்தேயுவில் அந்தக் காசால் குயவனின் நிலத்தை வாங்குகிறார்கள்; நிலம் வாங்கும் பேச்சே சகரியாவில் இல்லை. நிலம் எரேமியா 32-ல் இருக்கிறது: அனாதோத்தில் 17 சேக்கல் வெள்ளிக்கு ஒரு வயலை வாங்கி, கிரயப் பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். குயவனின் கலசமும், இடமில்லாமல் போகுமட்டும் பிணங்களைப் புதைக்கும் பள்ளத்தாக்கும் எரேமியா 19-ல் வருகின்றன. மத்தேயு இவற்றையெல்லாம் ஒன்றாகப் பின்னி, பெரிய தீர்க்கதரிசியின் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார் என்பது நல்ல விளக்கம். மாற்கு 1:2-3 மல்கியாவையும் ஏசாயாவையும் சேர்த்துவிட்டு, பழைய பிரதிகளில், ஏசாயாவின் பெயரை மட்டும் சொல்வதும் இதே பழக்கம். அதைச் சங்கடமாக எண்ணிய பிற்காலப் பிரதிகள் 'தீர்க்கதரிசிகள்' என்று பொதுவாக்கிவிட்டன. பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் அகுஸ்தீனும் மத்தேயுவின் இந்த வசனத்தில் நின்று யோசித்தார். எரேமியாவின் பெயர் இல்லாத பிரதிகள் சில இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் இல்லாத இடத்தில் யாரும் ஒரு சிக்கலைச் சேர்க்க மாட்டார்கள், ஆகவே பெயர் முதலிலேயே இருந்திருக்க வேண்டும் என்றார். 1,600 ஆண்டுக்கு முந்தைய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால் எல்லாப் பெயர்க் குழப்பத்துக்கும் இவ்வளவு அழகான விளக்கம் கிடைக்காது. மாற்கு 2:26, தாவீது சமுகத்தப்பத்தைத் தின்றது பிரதான ஆசாரியனாகிய அபியத்தாரின் காலத்தில் என்கிறது. 1 சாமுவேல் 21-ல் அப்பத்தைக் கொடுத்தவர் அகிமெலேக்கு. அபியத்தார் அவருடைய மகன். 'அபியத்தார் பற்றிய பகுதியில்' என்று பொருள் கொள்ளலாம், 'பிற்பாடு பிரதான ஆசாரியனான அபியத்தார்' என்று கொள்ளலாம் என்றெல்லாம் விளக்கங்கள் உண்டு. எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். பெயர் மாறிவிட்டது என்பதே என் முடிவு. இதே கதையைச் சொல்லும் மத்தேயுவும் லூக்காவும் அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். அதோடு, 2 சாமுவேல் 8:17-ல் தகப்பனும் மகனும் இடம் மாறி 'அபியத்தாரின் குமாரன் அகிமெலேக்கு' என்று எபிரேய வேதத்திலேயே வருகிறது. இந்த இரண்டு பெயரும் பழங்காலம் முதலே ஒன்றோடொன்று சிக்கியிருக்கின்றன.

1 கொரிந்தியர் 10:8-ல் ஒரே நாளில் 23,000 பேர் மாண்டார்கள் என்கிறார் பவுல். எண்ணாகமம் 25:9-ல் 24,000. கிரேக்க வேதத்திலும் 24,000 என்றே இருப்பதால் இங்கே மொழிபெயர்ப்பைக் காரணம் காட்ட முடியாது. மீதி 1,000 பேர் மறுநாள் செத்தார்கள் என்பது வசனத்தில் இல்லாத கணக்கு. அடுத்த அதிகாரத்திலேயே, எண்ணாகமம் 26:62-ல், லேவியர் தொகை 23,000 என்று வருகிறது. மனத்திலிருந்து சொன்னவருக்கு அந்த எண் முன்னால் வந்து நின்றிருக்கலாம். சுருளைத் தேடி, விரித்து, இடம் கண்டுபிடிக்க வேண்டிய காலம் அது. சபையில் வளர்ந்தவன் நான், இன்றும் விசுவாசத்தோடுதான் இந்தப் புத்தகங்களைத் திறக்கிறேன். பவுல் ஓர் எண்ணை மாற்றிச் சொன்னார் என்று ஏற்பதால் அந்த விசுவாசத்தில் எதுவும் குறையவில்லை.

எபிரேய வேதத்துக்குள்ளேயே இப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன என்பதையும், அவற்றை யூத மரபு மறைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாவீதை ஜனத்தொகை எடுக்கத் தூண்டியது 2 சாமுவேல் 24:1-ல் கர்த்தர், 1 நாளாகமம் 21:1-ல் சாத்தான். பிறகு பலிபீடம் கட்டத் தாவீது களத்தை வாங்கிய விலை ஓரிடத்தில் 50 சேக்கல் வெள்ளி, மற்றோரிடத்தில் 600 சேக்கல் பொன். அமாவாசைப் பலிக்கு எண்ணாகமம் 28:11 இரண்டு காளை கேட்கிறது, எசேக்கியேல் 46:6 ஒன்று போதும் என்கிறது. தோராவோடு இப்படி மோதியதால் எசேக்கியேல் புத்தகத்தையே ஒதுக்கிவைக்க இருந்தார்கள் என்றும், அனனியா பென் எசேக்கியா என்ற ரபி 300 ஜாடி எண்ணெயோடு மேல்மாடியில் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொருத்தம் கண்ட பிறகே இறங்கினார் என்றும் ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: கீழே ஊர் தூங்குகிறது, மேலே ஒரு கிழவர் விளக்கைத் தூண்டிவிட்டபடி காளைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். முரண்பாட்டைக் கண்டவுடன் புத்தகத்தைத் தூக்கி எறியவும் இல்லை, கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை பார்த்தவை எண்கள், பெயர்கள், எழுத்துகள். இரண்டு சமயங்களும் உண்மையாகப் பிரியும் இடத்தில் பாட வேறுபாடு ஏதும் இருக்காது. ஒரே வசனம், ஒரே சொற்கள்தான் இருக்கும்.

ஆதியாகமம் 15:6: ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. இதை வைத்துக் கிரியைகள் இன்றி விசுவாசத்தாலே நீதி என்கிறார் பவுல் (ரோமர் 4). இதே வசனத்தை வைத்து, விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் என்கிறது யாக்கோபின் நிருபம் (2:21-24). மோதல் புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. லூத்தர் 1522-ல் யாக்கோபை வைக்கோல் நிருபம் என்று சொல்லும் அளவுக்குப் போனார். எபிரேய வேதத்தில் 'அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது' என்ற இதே சொல்லாட்சி இன்னொருவருக்கும் வருகிறது: சங்கீதம் 106:31-ல் பினெகாசுக்கு. மேலே பார்த்த அந்த 24,000 பேர் மாண்ட வாதையை நிறுத்தியவன் அவன், அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது ஒரு செயல். பவுல் ஏன் ஆபிரகாமை எடுத்தார், பினெகாசை எடுக்கவில்லை என்று யோசித்தால், வசனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே வாதம் தொடங்கிவிடுவது தெரியும்.

இதைவிட ஆழமானது உபாகமம் 30. மோசே சொல்கிறார்: இந்தக் கட்டளை உனக்கு எட்டாததல்ல. யார் வானத்துக்கு ஏறி அதைக் கொண்டுவருவான் என்று சொல்லும்படி அது வானத்தில் இல்லை, கடலுக்கு அப்பாலும் இல்லை. உன் வாயிலும் உன் இருதயத்திலும் இருக்கிறது, நீ அதைச் செய்யும்படி. ரோமர் 10:6-8-ல் பவுல் இந்த வரிகளை எடுத்து, ஏறிக் கொண்டுவரப்படுவது கிறிஸ்து என்கிறார்; கடல் இருந்த இடத்தில் பாதாளம் வருகிறது. 'அதைச் செய்யும்படி' என்ற கடைசிச் சொல்லை விட்டுவிடுகிறார். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. கமாலியேலின் பாதத்தில் படித்தவருக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. தெரிந்தேதான் விட்டார். மேசியா வந்துவிட்டார் என்று நம்பும் ஒருவருக்குத் தோராவின் இடத்தில் அவரே நிற்கிறார். அந்த நம்பிக்கையிலிருந்து அவர் பின்னோக்கி வாசிக்கிறார்.

அதே 'வானத்தில் இல்லை' என்ற சொல்லைத் தல்மூத் வேறு திசையில் கொண்டுபோகிறது. ஒரு சட்ட விவாதத்தில் ரபி எலியேசருக்குச் சாதகமாக வானத்திலிருந்தே குரல் வருகிறது. ரபி யோசுவா எழுந்து நின்று, 'அது வானத்தில் இல்லை' என்று வசனத்தைச் சொல்லி அந்தக் குரலை மறுக்கிறார். தோரா சீனாயிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது, இனிப் பெரும்பான்மையோர் முடிவே சட்டம் என்பது அதற்குத் தல்மூத் தரும் விளக்கம். உபாகமம் ஒரு சொல்கூட மாறாமல் இரண்டு பேர் முன்பும் இருக்கிறது. ஒருவர் அதில் இறங்கிவந்த ஆளைக் காண்கிறார், மற்றவர் மனிதர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பைக் காண்கிறார். இங்கே கும்ரானும் செப்துவஜிந்தும் உதவாது.

உங்கள் நண்பரோடு அடுத்த முறை பேசும்போது 75-ஐயும் அல்மாவையும் சீக்கிரம் முடித்துவிடுங்கள். பெரும்பாலும் அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளலாம். பிறகு உபாகமம் 30-ஐத் திறந்து, 11-ம் வசனத்திலிருந்து 14-ம் வசனத்தின் கடைசிச் சொல்வரை அவரையே எபிரேயத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பின் நீங்கள் ரோமர் 10-ஐ வாசியுங்கள். நீங்கள் வாசித்து முடித்ததும் அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.